தைவானின் முதல் இசைத்தட்டுப் பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் தைவானின் பழைய பாடல்களைத் தேடினால் பலவும் ‘தைவான் நாட்டுப்புறப் பாடல்’ என்ற பெயரில்தான் கிடைக்கின்றன. யார் எழுதினார்கள், யார் மெட்டமைத்தார்கள், முதலில் யார் பாடினார்கள் என்ற விவரம் இருக்காது. உண்மையில் அவற்றில் மிகப் புகழ்பெற்றவை 1930-களில் தைபே நகரத்தில் சில கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் பாடகிகளும் சம்பளத்துக்குச் செய்துகொடுத்த வேலை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்? என்ன மொழி?

1895-ல் சீனாவின் சிங் பேரரசு ஜப்பானிடம் போரில் தோற்றுத் தைவானை விட்டுக்கொடுத்தது. அதிலிருந்து 1945 வரை ஐம்பது ஆண்டுகள் தைவான் ஜப்பானின் காலனி. 1930 கணக்கெடுப்புப்படி தீவில் சுமார் 46 லட்சம் பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஹோக்கியென். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்கள் கடைத்தெருவில் கேட்டிருக்கும் மொழியின் தைவான் வடிவம் அது. அடுத்ததாக ஹக்கா மொழி. மலைகளிலும் கிழக்குக் கரையிலும் பூர்வகுடி மக்களின் மொழிகள். பள்ளிக்கூடத்திலும் அரசு அலுவலகத்திலும் ஜப்பானிய மொழி.

தைவான் கலைஞர்களின் இசைத்தட்டுகள் 1914-லிருந்து வருகின்றன. ஆனால் நாம் இன்று கேட்கும் பாடல்களில் பெரும்பாலானவை 1932-க்கும் 1939-க்கும் நடுவில் பிறந்தவை. ஏழெட்டு ஆண்டுகள்தான்.

தைவான் கலைஞர்கள் பதிவு செய்த முதல் இசைத்தட்டு எது?

1914-ல் ஹக்கா இசைக்கலைஞர்கள் குழு ஒன்று கப்பலேறி டோக்கியோ போனது. லின் ஷிர்-ஷெங், ஹோ ஆ-வென், ஃபான் லியென்-ஷெங் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். கல்யாணம், கோயில் விழாக்களில் வாசிக்கும் பா-யின் என்ற மேள இசையும் தேயிலைத் தோட்டப் பாட்டு மரபில் வந்த நாடகப் பாடல்களும் அங்கே பதிவாயின. நிப்பானோபோன் என்ற ஜப்பானிய நிறுவனம் அவற்றைத் தட்டுகளாக அடித்துத் தைவானில் விற்றது. இந்த நிறுவனம் பிறகும் வரப்போகிறது, பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவில் ஹோக்கியென் பேசுபவர்களே அதிகம். அப்படியிருந்தும் முதல் பதிவு ஹக்காக்காரர்களுடையது. தைவானின் இசை வரலாற்றைப் பேசும்போது இது பல இடங்களில் விடுபட்டுப்போகிறது.

அதற்குப் பிறகு உடனே திரைப்பாடல், காதல் பாடல் எல்லாம் வந்துவிட்டனவா?

இல்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகள் தட்டுகளில் இருந்தது மரபிசைதான்: நான்குவான், பெய்குவான், தேயிலைப் பாட்டு, அப்புறம் அந்நாட்களில் வேகமாக வளர்ந்துவந்த கோவா-ஆ-ஹீ என்ற தெருக்கூத்து வகை. கோவா-ஆ-ஹீ என்பது ஹோக்கியென் மொழியில் பாடி நடிக்கும் நாடகம். யிலான் பகுதியில் தொடங்கி ஊர் ஊராகப் பரவி, 1920-களில் நகர அரங்குகளுக்குள் வந்துவிட்டது. ஊரில் கூத்து பார்த்தவர்கள் அதே பாட்டைத் தட்டிலும் கேட்க விரும்பினார்கள். நிறுவனங்களுக்கு அது நம்பகமான வியாபாரம்.

1930-ஐ ஒட்டி ஒரு மாற்றம் தெரிகிறது. நாகரிக உடை உடுத்திய இளம்பெண்ணை ‘கறுப்புப் பூனை’ என்றும், அவளோடு சுற்றும் இளைஞனை ‘கறுப்பு நாய்’ என்றும் தைபேயில் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்களைப் பற்றிய பாடல்கள் தட்டில் வந்தன. ‘கறுப்புப் பூனை அணிவகுப்பு’ என்ற பாடலையே முதல் வெகுஜனப் பாடல் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் நாடு முழுக்கப் பரவி, இதே மாதிரி இன்னும் செய்யலாம் என்று நிறுவனங்களை யோசிக்கவைத்த முதல் பாட்டு 1932-ல் வந்தது.

அது எந்தப் பாட்டு?

‘தோ-ஹுவே கிப்-ஹியட்-கீ’. பீச் மலர் இரத்தக் கண்ணீர் வடித்த கதை என்று பொருள்.

பாட்டின் பெயர் ஒரு படத்தினுடையது: 1931-ல் ஷாங்காயின் லியென்ஹுவா நிறுவனம் எடுத்த ஊமைப்படம். ருவான் லிங்-யூ கதாநாயகி. நிலக்கிழார் வீட்டுப் பையனும் மாடு மேய்ப்பவரின் மகளும் காதலிக்கிறார்கள், பையனின் அம்மா குறுக்கே நிற்கிறார், பெண் இறந்துபோகிறாள். 1932-ல் படம் தைபேக்கு வந்தது. ஊமைப்படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைச் சொல்லி, பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பவரை அங்கே பென்ஷி என்பார்கள். சான் தியென்-மா அப்படி ஒரு பென்ஷி. படத்தை விளம்பரப்படுத்த அவர் ஹோக்கியெனில் ஒரு பாட்டு எழுதினார். அரங்குகளில் படத்துக்கு வாத்தியம் வாசித்துவந்த வாங் யுன்-ஃபெங் மெட்டுப் போட்டார். வாத்தியக் குழு அதை வாசித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போனது.

பாட்டு நீளம். மனித வாழ்க்கை பீச் மரக்கிளை போல, ஒரு சமயம் பூக்கும், ஒரு சமயம் பட்டுப்போகும் என்று தொடங்கி, படத்தின் கதையை முழுக்கச் சொல்லி, பெற்றோரே பிள்ளைகளின் காதலுக்குக் குறுக்கே நிற்காதீர்கள் என்று புத்தி சொல்கிறது. தெருவில் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து கொலம்பியா நிறுவனம் தட்டில் பதிவு செய்தது. தட்டின் இரண்டு பக்கமும் இந்த ஒரே பாட்டு. நன்றாக விற்றது. பிறகு ஒவ்வொரு ஷாங்காய்ப் படத்துக்கும் இப்படி ஒரு ஹோக்கியென் பாட்டு எழுதச் சொல்லி ஆட்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஒரு சின்னச் செய்தி. சான் தியென்-மா பின்னாளில் தைபேயில் ‘தியென்மா’ என்ற பெயரில் தேநீர்க் கடை வைத்தார். 1947 பிப்ரவரி 27 மாலை, அந்தக் கடை வாசலில்தான் சிகரெட் விற்ற ஒரு விதவைப் பெண்ணை அரசு ஊழியர்கள் அடித்தார்கள். கூடிய கூட்டத்தில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் வெடித்த மக்கள் எழுச்சியும் அதை அரசு ரத்தம் சிந்தி ஒடுக்கியதும்தான் தைவான் வரலாற்றின் பெரும் காயமான 2-28 சம்பவம். முதல் வெற்றிப் பாட்டை எழுதியவரின் கடைவாசல் இன்று வரலாற்று நினைவிடம்.

கொலம்பியா என்றால் நம் ஊரில் தட்டு விற்ற அதே கொலம்பியாவா?

பெயர் அதுதான், கிளை வேறு. முன்னால் சொன்ன நிப்பானோபோன் நிறுவனத்தில் 1927-ல் பிரிட்டன், அமெரிக்கா கொலம்பியாக்களின் முதலீடு வந்தது. அதன் பிறகு ஜப்பானிலும் தைவானிலும் கொலம்பியா முத்திரையோடு தட்டுகள் வர ஆரம்பித்தன. தைவான் பிரிவை நடத்தியவர் காஷிவானோ செய்ஜிரோ என்ற ஜப்பானியர்.

அவர் செய்த முக்கியமான காரியம், பாட்டு உருவாக்கும் வேலையைத் தைவான்காரர்களிடமே கொடுத்தது. 1933-ல் நிறுவனத்துக்குள் இலக்கியப் பிரிவு அமைந்தது. அதை முதலில் பார்த்துக்கொண்டவர் சென் சுன்-யூ என்ற கவிஞர். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர், பாடகிகள் எல்லோரும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். காஷிவானோவை அந்தக் காலப் பாடல்களின் புரவலராகவே சிலர் எழுதுகிறார்கள். அவர் வியாபாரி, லாபத்துக்காகச் செய்தார். ஆனால் ஹோக்கியெனில் எழுதத் தெரிந்தவனுக்கு ஊதியம் கிடைக்கும் ஓர் இடம் அந்தத் தீவில் அவரால் உண்டானது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

‘பீச் மலர்’ பாட்டைப் பாடிய பாடகி யார்?

சுன்-சுன். இயற்பெயர் லியூ சிங்-ஷியாங். 1914-ல் பிறந்தவர். சிறுவயதிலேயே பள்ளியை விட்டுவிட்டு கோவா-ஆ-ஹீ கூத்துக் குழுவில் சேர்ந்தார். கூத்தில் ஆண் வேடம் கட்டியவர். ‘பீச் மலர்’ பாட்டைப் பாடும்போது வயது பதினெட்டு.

அவருடைய பழைய பதிவுகளைக் கேட்டால் இன்றைய காதுக்கு முதலில் கொஞ்சம் கூர்மையாகப் படும். மூக்கும் உச்சந்தொண்டையும் சேர்ந்த, ஒலிபெருக்கி இல்லாத மேடையில் கடைசி வரிசைவரை கேட்கப் பழகிய குரல். இரண்டாம் முறை கேட்கும்போது வேறு ஒன்று பிடிபடும். சொற்களை அவர் விழுங்குவதே இல்லை. ஹோக்கியென் மொழியில் குரல் ஏறுவதும் இறங்குவதும் பொருளையே மாற்றிவிடும். மெட்டுக்காக அதை வளைத்தால் கேட்பவருக்குச் சொல் புரியாமல் போகும். சுன்-சுன் மெட்டையும் விடாமல் சொல்லின் ஏற்ற இறக்கத்தையும் விடாமல் பாடினார். கூத்து மேடை கொடுத்த பயிற்சி அது.

1930-களில் வெளிவந்த பெரும் வெற்றிப் பாடல்களில் பலவற்றை முதலில் பாடியது அவர்தான். 1943-ல் காசநோயில் இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

தெங் யூ-ஷியென் பெயரை எல்லோரும் சொல்கிறார்களே, அவர் யார்?

1906-ல் தாவ்யுவானின் லோங்தான் என்ற ஊரில் ஒரு ஹக்கா குடும்பத்தில் பிறந்தவர். தைபே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தார், அங்கேதான் மேற்கத்திய இசையும் மாண்டலினும் அறிமுகம். சில காலம் ஆசிரியராக இருந்துவிட்டு, இசை படிக்க ஜப்பான் போனார். திரும்பி வந்ததும் ‘தாதாவோசெங் அணிவகுப்பு’ என்ற பாட்டுக்கு மெட்டமைத்தார். அது 1932-ல் ஒரு சிறு நிறுவனத்தின் தட்டாக வந்தது. அடுத்த ஆண்டு கொலம்பியா அவரை எடுத்துக்கொண்டது.

பிறகு வந்தவற்றைப் பாருங்கள். 1933-ல் ‘பாங் சுன்-ஹோங்’ (வசந்தக் காற்றை எதிர்நோக்கி), ‘குவாட்-யா-சியூ’ (நிலவிரவின் துயர்), ‘தியாவ்-பூ சீ-தாய்’ (நடனக் காலம்). 1934-ல் ‘ஊ-யா-ஹுவே’ (மழையிரவுப் பூ). 1938-ல் ‘சூ-குயி-ஹோங்’ (நான்கு பருவத்தின் சிவப்பு). ஒரே மனிதர், ஐந்தாறு ஆண்டுகளுக்குள். தைவானில் இன்றும் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பாடக்கூடிய பாடல்கள் இவை.

ஹோக்கியென் அவருடைய தாய்மொழி அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அந்த மொழியின் ஏற்ற இறக்கம் அவர் மெட்டுகளில் அவ்வளவு இயல்பாக உட்காருகிறது. பெரும்பாலும் ஐந்து சுரத்துக்குள் நிற்கும் மெட்டுகள், மோகன ராகம் தெரிந்த நம் காதுக்கு நெருக்கமானவை. ‘நிலவிரவின் துயர்’ சமவெளிப் பூர்வகுடிகளின் பழைய மெட்டிலிருந்து எடுத்தது என்று ஒரு கருத்து உண்டு, ஆய்வாளர்கள் இன்னும் அதைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

பாடலாசிரியர்கள்? ‘வசந்தக் காற்றை எதிர்நோக்கி’ எழுதியவர் யார்?

லீ லின்-சியு, 1909-ல் பிறந்தவர். தைபேயின் தாதாவோசெங் பகுதிக்காரர். ஆற்றங்கரையில் தேயிலை ஏற்றுமதியால் செழித்த வணிகப் பகுதி அது. குடும்பம் நொடித்துப்போனதால் படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றது. ‘யோங்லே’ நாடக அரங்கில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். பழைய சீன நூல்களைத் தானே படித்துக் கற்றார். ‘பீச் மலர்’ வெற்றிக்குப் பிறகு படப்பாட்டு எழுத ஆள் தேடியபோது வாய்ப்பு வந்தது.

‘வசந்தக் காற்றை எதிர்நோக்கி’யில் ஓர் இளம்பெண் இரவில் தனியாக விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறாள். ஓர் இளைஞனை நினைத்து மனம் அலைகிறது, கேட்கவும் வெட்கம். வெளியே யாரோ வந்த சத்தம். போய்க் கதவைத் திறக்கிறாள். யாரும் இல்லை, காற்று. காற்றிடம் ஏமாந்த பேதை என்று நிலா தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. பாட்டு அவ்வளவுதான். சுவருக்கு அப்பால் பூநிழல் அசைய, காதலன் வந்தானோ என்று ஐயுறும் ஒரு பழைய சீன நாடக வரி தனக்குத் தூண்டுதல் என்று லீ பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பெற்றோர் பார்த்துவைத்த கல்யாணமே வழக்கமாக இருந்த ஊரில், ஒரு பெண் தன் ஆசையைத் தன் வாயால் சொல்கிறாள். அலட்டலோ புரட்சி முழக்கமோ இல்லை. எளிமையான பேச்சுமொழியில், கடைசி வரியில் ஒரு சிரிப்போடு. என்னைக் கேட்டால் இந்தக் காலகட்டத்தின் ஆகச் சிறந்த பாட்டு இதுதான்.

இன்னொருவர் சௌ தியென்-வாங். ‘நிலவிரவின் துயர்’, ‘மழையிரவுப் பூ’ இரண்டும் அவர் எழுதியவை. கொலம்பியாவின் இன்னொரு பாடகியான ஆய்-ஆயை மணந்தவர். ‘மழையிரவுப் பூ’ முதலில் லியாவ் ஹான்-சென் எழுதிய குழந்தைப் பாட்டு, வசந்தம் வந்தது, பூக்கள் மலர்ந்தன என்று போகும். தெங் அதற்குப் போட்ட மெட்டில் சௌ புதிய வரிகள் எழுதினார். மதுக்கூடத்தில் வேலை செய்த ஒரு பெண், காதலனை நம்பி ஊரைவிட்டு வந்து கைவிடப்பட்ட கதையைத் தன்னிடம் சொன்னதாகவும் அதுவே பாட்டானதாகவும் அவர் சொன்னார். மழையிலும் காற்றிலும் தரையில் உதிர்ந்த பூ, பார்ப்பாரில்லை, விழுந்தது மறுபடி கிளைக்கு ஏறாது. குழந்தைப் பாட்டின் துள்ளல் மெட்டே வேகம் குறைந்ததும் இப்படி ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் எப்படிப் பதிவு செய்தார்கள்?

ஆரம்பத்தில் ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். 1920-களின் கடைசியில் மைக்கும் மின்சாரப் பதிவும் வந்தன. அதனால்தான் 1930-களின் தட்டுகளில் குரலின் நெளிவுகள் கேட்கின்றன.

பெரும்பாலான பதிவுகள் ஜப்பானில் நடந்தன. பாடகிகளும் இசையமைப்பாளரும் கீலுங் துறைமுகத்தில் கப்பலேறிப் போவார்கள். போன இடத்தில் ஜப்பானிய வாத்தியக்காரர்கள் சாக்சபோன், வயலின், எக்காளம் எல்லாம் வாசிப்பார்கள். ஜாஸ் சாயல் கொண்ட பின்னணியும் கூத்துக் குரலும் ஒரே தட்டில் சேர்ந்தது அப்படித்தான்.

தட்டு பத்து அங்குலம், நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம். ‘பீச் மலர்’ மாதிரி கதை முழுக்கச் சொல்லும் நீளப் பாட்டு குறைந்து, மூன்று சரணத்தோடு முடியும் வடிவம் நிலைத்ததற்கு இந்த அளவும் ஒரு காரணம். தட்டு செய்ய அரக்கு வேண்டும். உலக இசைத்தட்டுத் தொழிலுக்கான அரக்கில் பெரும்பகுதி அப்போது இந்தியாவிலிருந்து போனது.

கிராமபோன் வாங்க முடியாதவர்கள் எப்படிக் கேட்டார்கள்?

கடைகளில் ஓடவிடுவார்கள், தெருவில் நின்று கேட்கலாம். தாதாவோசெங்கில் காபிக் கடைகள், மதுக்கூடங்கள், உணவகங்கள் நிறைய. 1934-ல் திறந்த ‘பொலெரோ’ உணவகம் இசைத்தட்டுகளுக்குப் பேர்போனது. அப்புறம் வானொலி, நாடக இடைவேளை, விளம்பர வாத்தியக் குழு. தட்டு வாங்கியவர்களைவிடப் பாட்டைத் தெரிந்தவர்கள் பல மடங்கு.

கொலம்பியா மட்டும்தானா? போட்டி இல்லையா?

இருந்தது. தைஹெய், விக்டர், இன்னும் பல சிறிய முத்திரைகள். விக்டரின் தைவான் பிரிவில் இலக்கியப் பொறுப்பை ஏற்றவர் சாங் ஃபூ-ஷிங். மேற்கத்திய இசை படிக்க ஜப்பான் போன முதல் தைவான்காரர். அங்கே சென் தா-ரூ என்ற இளம் கவிஞரும், கிறிஸ்தவ இறையியல் படித்த யாவ் சான்-ஃபூ என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து 1936-ல் கொடுத்த ‘சிம்-சுங்-சுங்’ கொலம்பியாவையே ஆட்டியது. பிரிந்துபோன காதலன் திரும்பாமல் நெஞ்சு கசக்கும் பாட்டு.

கூத்திலிருந்து வந்த சூ துங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாங்-சின் என்ற கம்பி வாத்தியக்காரர். தெங், யாவ் போல மேற்கத்திய இசைப் படிப்பு இல்லாதவர், ஆனால் மெட்டு ஊற்றெடுக்கும். லின் ஷிர்-ஹாவ் என்ற பாடகி வேறு வழியில் வந்தவர். தைனானைச் சேர்ந்த கிறிஸ்தவர், ஆசிரியையாக இருந்தவர், திறந்த குரலில் மேற்கத்திய முறையில் பாடினார். அவர் கணவர் லூ பிங்-திங் காலனி ஆட்சியை எதிர்த்த அரசியல் இயக்கங்களில் இருந்தவர், பாடல் வரிகளும் எழுதினார்.

பாடல்கள் ஏன் இவ்வளவு சோகமாக இருக்கின்றன? அடிமைத்தனத்தின் அழுகையா?

இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லும் கட்டுரைகள் நிறைய. உதிர்ந்த பூ என்றால் தைவான், மழையும் காற்றும் என்றால் ஜப்பான் என்று விளக்குவார்கள். கேட்பவர்கள் அப்படி எடுத்துக்கொண்டதில் தவறில்லை, 1947-க்குப் பிறகு அந்தப் பொருள் இன்னும் ஆழமாகப் பதிந்தது. ஆனால் எழுதப்பட்ட காலத்தை அதோடு முடித்துவிட்டால் பாதியை இழப்போம்.

சென் சுன்-யூ எழுதி தெங் மெட்டமைத்த ‘நடனக் காலம்’ பாட்டைக் கேளுங்கள். நான் நாகரிகப் பெண், நாலு திசையும் என் இஷ்டம், உலகத்தில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது, ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று ஆடும் டிராட் நடனம்தான் எனக்குப் பிடிக்கும் என்று சுன்-சுன் பாடுகிறார். அதே 1933, அதே கவலை மிகுந்த காலனி. ‘நான்கு பருவத்தின் சிவப்பு’ ஆணும் பெண்ணும் சீண்டிக்கொள்ளும் காதல் விளையாட்டு.

சோகப் பாடல்களிலும் அழுபவர் பெரும்பாலும் யார்? கைவிடப்பட்ட பெண், மதுக்கூடத்தில் வேலை செய்யும் பெண், காதலனுக்காகக் காத்திருக்கும் பெண். விற்கப்பட்டும் தத்துக் கொடுக்கப்பட்டும் வளர்ந்த பெண்கள் அந்தச் சமூகத்தில் ஏராளம். அவர்களுடைய துயரத்துக்கு ஜப்பானிய ஆட்சி மட்டும் காரணம் இல்லை. நாட்டின் உருவகமாக மாற்றும் அவசரத்தில் அந்தப் பெண்ணை மறந்துவிட வேண்டாம் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன்.

அரசு தணிக்கை செய்ததா?

செய்தது. 1934-ல் தைஹெய் வெளியிட்ட ‘தெருவில் அலைதல்’ வேலையில்லாமல் தெருவில் திரிபவர்களைப் பற்றிய பாட்டு. உலகப் பொருளாதார வீழ்ச்சியின் காலம், கேட்டவர்களுக்கு அது சொந்தக் கதை. ஆட்சியாளர்கள் அதைத் தடை செய்தார்கள். 1936-ல் இசைத்தட்டுகளைக் கட்டுப்படுத்தத் தனி விதிமுறையே வந்தது. காதலையும் பூவையும் பாடலாம், பசியைப் பாடக் கூடாது என்ற நிலை.

போர் வந்ததும் என்ன ஆயிற்று?

1937-ல் ஜப்பான் சீனாவோடு முழுப்போரில் இறங்கியது. தைவான் மக்களை ஜப்பானியராகவே மாற்றும் கொள்கை தீவிரமானது. நாளிதழ்களின் சீனமொழிப் பகுதிகள் அதே ஆண்டு நிறுத்தப்பட்டன. கூத்துக்கும் கட்டுப்பாடு. ஹோக்கியென் பாட்டுக்குப் புதிய தட்டுகள் குறைந்து, 1940 வாக்கில் ஏறக்குறைய நின்றுபோயின.

அதைவிட வலிப்பது, இருந்த பாடல்களுக்கு நடந்தது. மெட்டுகள் மக்களுக்குப் பழக்கமானவை என்பதால் அவற்றையே எடுத்து ஜப்பானிய வரிகள் போட்டார்கள். ‘வசந்தக் காற்றை எதிர்நோக்கி’ ‘பூமி அழைக்கிறது’ ஆயிற்று. ‘நிலவிரவின் துயர்’ ‘படைக்கூலியின் மனைவி’ ஆயிற்று. ‘மழையிரவுப் பூ’ ‘பெருமைமிகு படைக்கூலி’ ஆயிற்று. ஜப்பானிய ராணுவத்துக்குச் சுமை தூக்கத் தைவானிலிருந்து சீனப் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர்களே படைக்கூலிகள். கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் விம்மலுக்குப் போட்ட மெட்டில், போருக்குப் போவது பாக்கியம் என்று பாடவைத்தார்கள். அதற்கு முன் அது குழந்தைப் பாட்டு. ஒரே மெட்டு சில ஆண்டுகளுக்குள் மூன்று பிறவி எடுத்தது.

தெங் இக்காலத்தில் ஜப்பானியப் புனைபெயரில் ஜப்பானிய மொழிப் பாடல்களுக்கும் இசையமைத்தார். 1940-ல் நிறுவனத்தை விட்டு, ஷின்சு பகுதியில் சியோங்லின் என்ற சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். 1944 ஜூனில், முப்பத்தெட்டு வயது முடிவதற்குள், இறந்தார்.

போருக்குப் பிறகு மற்றவர்கள்?

லீ லின்-சியுவும் வாங் யுன்-ஃபெங்கும் 1948-ல் ‘கிழிந்த வலையைத் தைத்தல்’ என்ற பாட்டைத் தந்தார்கள். போரும் ஆட்சிமாற்றமும் சிதைத்த வாழ்க்கையை ஒட்டுப்போட முயன்ற காலத்துக்கு அது பொருந்திப்போனது. 1946-ல் யாங் சான்-லாங் மெட்டமைத்த ‘சீக்கிரம் திரும்பி வா’, போருக்குப் போய்த் தகவலே இல்லாதவர்களின் வீடுகளில் ஒலித்தது. 1950-களில் ஷூ ஷிர் போன்ற இசையமைப்பாளர்கள் தைவானிலேயே தட்டு தயாரிக்கத் தொடங்கினார்கள். ஜப்பானியருக்குப் பிறகு சீனாவிலிருந்து வந்து ஆட்சி செய்த குவோமின்தாங் கட்சியின் அரசு மாண்டரின் சீன மொழியைத் திணித்ததால் ஹோக்கியென் பாடல்களுக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இடம் சுருங்கியது.

அப்படியென்றால் இவற்றை ஏன் நாட்டுப்புறப் பாடல் என்கிறார்கள்?

தட்டுகள் உடைந்தன, கடைகள் மூடின, பெயர் அச்சிட்ட வட்டத்தாள்கள் போயின. பாட்டு மட்டும் வாயில் மிஞ்சியது. பல பத்தாண்டுகள் பொது மேடையில் ஊக்கம் இல்லாத மொழியில் இருந்ததால் எழுதியவர்களைக் கேட்டுப் பதிவு செய்ய யாரும் முன்வரவில்லை. அடுத்த தலைமுறை அதைப் பாட்டியிடம் கேட்டது, பாட்டிக்கு யாரிடம் கேட்டோம் என்று நினைவில்லை. அதற்குள் மறுபதிப்பு போட்டவர்களுக்கும் ‘மரபுப் பாடல்’ என்று போடுவது வசதியாக இருந்தது. 1980-களுக்குப் பிறகு, ராணுவச் சட்டம் நீங்கிய காலத்தில், சேகரிப்பாளர்களும் ஆய்வாளர்களும் தட்டுகளைத் தேடி எடுத்துப் பெயர்களைத் திரும்பப் பொருத்தினார்கள். 2003-ல் வந்த ‘நடனக் காலம்’ ஆவணப்படத்தில் முதுமையடைந்த ஆய்-ஆய் தோன்றி அந்த நாட்களைச் சொல்கிறார்.

எங்கே கேட்கலாம்? எதிலிருந்து தொடங்குவது?

தைனானில் உள்ள தேசியத் தைவான் வரலாற்று அருங்காட்சியகம் பழைய தட்டுகளை எண்ணிமமாக்கி ‘தைவான் ஒலி நூறாண்டு’ என்ற தளத்தில் வைத்திருக்கிறது. தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளின் படமும் பாடியவர் பெயரும் அங்கே கிடைக்கும். ஜப்பானின் ஒசாகாவில் உள்ள தேசிய இனவியல் அருங்காட்சியகத்திலும் கொலம்பியா காலனி நாடுகளில் பதிவு செய்தவற்றின் உலோக மூல அச்சுகள் இருக்கின்றன.

முதலில் பின்னாள் வடிவம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போவது எளிது. பின்னாளில் புகழ்பெற்ற தைவான் பாடகி தெரசா தெங் பாடிய ‘மழையிரவுப் பூ’வைக் கேளுங்கள், மெட்டு மனதில் நிற்கும். அதன் பிறகு சுன்-சுன்னின் 1934 பதிவு. குரலின் கூர்மை பழக இரண்டு மூன்று முறை ஆகும், பொறுமையாகக் கேளுங்கள். அடுத்து ‘நடனக் காலம்’, பிறகு ‘வசந்தக் காற்றை எதிர்நோக்கி’. ‘பீச் மலர்’ நீளமானது, படத்தின் கதை தெரிந்தபின் கேட்டால் நன்றாக இருக்கும். சுன்-சுன்னின் குரல் பழகியபின் லின் ஷிர்-ஹாவின் பதிவு ஒன்றைப் போடுங்கள். ஒரே தீவில், ஒரே காலத்தில், கூத்து மேடையும் தேவாலயமும் எவ்வளவு வேறான இரண்டு பாடகிகளைத் தந்தன என்று கேட்டாலே தெரியும்.